இது என்ன மார்ஃப், சார்?

மலைப்பாம்புக்கும் போவாவுக்கும் உள்ள வித்தியாசம் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: போட்டோவை வைத்து "இது என்ன மார்ஃப்?" புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: போவா கன்ஸ்டிரிக்டர் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை வாழும் பெரிய பாம்பு. விஷம் கிடையாது, முட்டையிடாமல் குட்டி போடும். மரபணு மாறுவதால் அதில் வரும் நிற, கோல வகைகளைத்தான் மார்ஃப் என்கிறார்கள்.

கீழக்கரை வாசகர்: என் காக்காவின் (அண்ணனின்) கூட்டாளி ஒரு போவா வளர்த்தார். அவர் வேலைக்குச் சவுதி போய்விட்டதால் பாம்பு இப்போது எங்கள் வீட்டில். 'ஹைப்போ மோட்லி' என்று சொல்லி அவரிடம் நல்ல விலை வாங்கியிருக்கிறார்கள். எனக்கென்னவோ சாதா போவா மாதிரிதான் தெரிகிறது. போட்டோ இணைத்திருக்கிறேன். எது சரி?

மோட்லி இல்லை. இதைப் போட்டோவிலேயே தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் மோட்லியை நிறத்தை வைத்துப் பார்ப்பதில்லை, கோலத்தை வைத்துப் பார்ப்பது. போவாவின் முதுகில் வரிசையாக இருக்கும் பழுப்புத் திட்டுகளை வளர்ப்பவர்கள் சேடில் என்பார்கள். மோட்லியில் இந்தச் சேடில்கள் இரண்டு ஓரத்திலும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், நடுவில் வெளிர் நிற முட்டை வடிவங்கள் சிறைப்பட்டு நிற்கும், விலாவில் இருக்க வேண்டிய புள்ளிகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். உங்கள் பாம்பில் சேடில்கள் தனித்தனியாக நிற்கின்றன, விலாப் புள்ளிகளும் பளிச்சென்று இருக்கின்றன. அந்தப் பாதி முடிந்தது.

ஹைப்போதான் தலைவலி. ஹைப்போ என்றால் கருப்பு நிறமி குறைவு, அவ்வளவுதான். கருப்பு குறைந்தால் சேடிலைச் சுற்றி இருக்கும் கரிய விளிம்பு மெலியும், வால் பக்கத்துச் சிவப்புத் திட்டுகள் கருப்புக் கலப்பில்லாமல் சுத்தமாகத் தெரியும், வயிற்றில் இருக்கும் கரும்பொட்டுகளும் குறையும். நீங்கள் அனுப்பிய போட்டோக்கள் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தவை. அந்த வெளிச்சத்தில் எந்தப் போவாவும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், என் கையை வைத்தாலும் ஹைப்போதான்! காலையில், வாசல் நிழலில், ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் விட்டு, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வால், விலா, வயிறு மூன்றும் வேண்டும், முகம் எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. சட்டை உரிப்பதற்கு முன்னால் எடுக்காதீர்கள், அந்த நாட்களில் கண் நீலம் பாய்ந்து உடம்பு முழுக்கச் சாம்பல் பூசினாற்போல இருக்கும். உரித்த பிறகு எடுங்கள். இன்னொன்று, ஒரே போவா பகலில் ஒரு நிறமாகவும் இரவில் ஒரு நிறமாகவும் இருப்பது உண்டு, அதனால் எடுத்த நேரத்தையும் எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் வெளிர் நிறச் சாதா போவாவும், கொஞ்சம் அழுத்தமான ஹைப்போவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். அதனால்தான் பாம்பைவிட அதன் தாய் தகப்பன் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஹைப்போ ஓங்கு மரபணு, ஒரே ஒரு பிரதி இருந்தாலே வெளியில் தெரியும். அப்படியானால் பெற்றோரில் ஒன்றாவது ஹைப்போவாக இருந்திருக்க வேண்டும். விற்றவரிடம் பெற்றோர் போட்டோவைக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் அது சாதா போவா, கொடுத்திருக்க வேண்டியதும் சாதா போவாவின் விலைதான்.

கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன். போவா உள்நாட்டுப் பாம்பு இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன, வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்கச் சொன்னார்கள். கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும், குட்டி போட்டாலும் தெரிவிக்க வேண்டும். காக்காவின் கூட்டாளி பதிவு செய்தாரா, உங்கள் பெயருக்கு மாற்றினாரா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் வனத்துறை அலுவலகத்துக்கு நீங்களே போய்ப் பேசிவிடுவது நல்லது. மார்ஃப் பெயர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தொண்டி மாணவி: இரண்டு அல்பினோ போவாக்களைச் சேர்த்தார்களாம், பிறந்த குட்டிகள் எல்லாமே சாதா நிறம். அல்பினோவும் அல்பினோவும் சேர்ந்தால் அல்பினோதானே வர வேண்டும்? எங்கள் வகுப்பில் இதை வைத்துப் பெரிய சண்டை.

நல்ல சண்டைதான், நிறுத்த வேண்டாம். போவாவில் பிரபலமான அல்பினோ வழிகள் இரண்டு. ஒன்று காஹ்ல், இன்னொன்று ஷார்ப், இரண்டுமே வளர்ப்பாளர்களின் பெயர்கள். இரண்டிலும் கருப்பு நிறமி இல்லை, கண் சிவப்பு, உடம்பு வெள்ளையும் மஞ்சளும் ஆரஞ்சும். ஆனால் இரண்டும் வேறு வேறு மரபணுக் கோளாறு, இரண்டுமே ஒடுங்கு தன்மை உள்ளவை. அதாவது ஒரே கோளாறின் பிரதி தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் வந்தால்தான் குட்டி அல்பினோவாகும். காஹ்லையும் ஷார்ப்பையும் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் காஹ்லில் ஒரு பிரதி, ஷார்ப்பில் ஒரு பிரதி. எதிலும் ஜோடி சேரவில்லை, அதனால் எல்லாம் சாதா நிறம். ஒரு வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டுக்குச் சேராத கதைதான்.

நிறத்தைப் பார்த்து இது காஹ்ல், இது ஷார்ப் என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஷார்ப்பில் நிறம் அழுத்தம் என்பார்கள். நான் நம்ப மாட்டேன். பரம்பரை தெரிந்த பாம்போடு சேர்த்துப் பார்த்தால்தான் உறுதி. இதன்மேல் மற்ற மார்ஃப்களும் ஏறும்: அல்பினோவோடு ஹைப்போ சேர்ந்தால் சன்குளோ, அல்பினோவோடு சிவப்பு நிறமி இல்லாத அனெரி சேர்ந்தால் ஸ்னோ, ஹைப்போவும் அனெரியும் சேர்ந்தால் கோஸ்ட். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கூட்டல் கணக்குதான்.

அதே மாணவி: விளம்பரத்தில் '66 சதவீத ஹெட்' என்று போடுகிறார்களே, பாம்புக்குள் மூன்றில் இரண்டு பங்கு அல்பினோவா?

இல்லை, அது பாம்பைப் பற்றிய சதவீதமே இல்லை, விற்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பற்றிய சதவீதம். ஹெட் என்றால் ஒரு பிரதியை மட்டும் வெளியில் தெரியாமல் சுமப்பது. இரண்டு ஹெட்டுகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி அல்பினோ. மீதி மூன்றும் பார்வைக்குச் சாதா, ஆனால் அந்த மூன்றில் இரண்டு ஹெட். எந்த இரண்டு என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் '66 சதவீத ஹெட்' என்று விற்கிறார்கள். கையில் வரும் பாம்பு ஒன்று ஹெட், இல்லாவிட்டால் ஹெட் இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. பெற்றோரில் ஒன்றே அல்பினோ என்றால் சாதா நிறக் குட்டி நூறு சதவீத ஹெட், அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. 66-க்குக் கொடுப்பது லாட்டரி.

தேவிபட்டினம் வாசகர்: எங்கள் பனந்தோப்பில் மட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் தடித்த பாம்பு ஒன்று கிடக்கிறது. முதுகில் பழுப்புத் திட்டுகள், சங்கிலி மாதிரி. பக்கத்து வீட்டுத் தம்பி போனில் போவா படங்களைக் காட்டி, யாரோ வளர்த்துத் தப்பிய ஹைப்போ, பிடித்தால் நல்ல காசு என்கிறான். தூரத்திலிருந்து எடுத்த படம் இணைத்துள்ளேன்.

முதலில் அந்தத் தம்பியைப் பிடித்து உட்கார வையுங்கள். படம் மங்கலாக இருக்கிறது, ஆனால் பனந்தோப்பில், மட்டைக் குவியலில், சங்கிலித் திட்டோடு தடித்த பாம்பு என்றால் கண்ணாடி விரியன் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். மண்ணுளிப் பாம்பாகவும் இருக்கலாம், அதற்கும் இதே மாதிரி திட்டுகள் உண்டு, ஆபத்தில்லாதது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் போய் வித்தியாசம் பார்க்கிற வேலை உங்களுக்கு வேண்டாம். மார்ஃப் படங்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு வரும் நோய் இது, திட்டைப் பார்த்தவுடன் பெயர் வைப்பது. விரியனிலும் வெளிர் நிறம், செந்நிறம், கரும்பழுப்பு எல்லாம் உண்டு. நிறம் எப்படி இருந்தாலும் விஷம் ஒன்றுதான்.

தீயணைப்புத் துறைக்கு 101-ல் போன் செய்யுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். அதுவரை பாம்பு கண்ணில் படுகிற தூரத்தில் ஒருவர் நின்றால் போதும். யாரையாவது கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், விஷமுறிவு மருந்து அங்கேதான். அப்புறம், 'நல்ல காசு' விஷயம்: நம் ஊர்ப் பாம்பு எதையும் பிடித்து வைப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருதலை மணியனுக்கு லட்சம் லட்சமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை.

ஏர்வாடி வாசகர்: குட்டியில் சிவப்பாக இருந்த போவா வளர வளர மங்குகிறது. எலிக்குக் கேரட் கொடுத்து வளர்த்து, அந்த எலியைப் போட்டால் நிறம் திரும்புமா?

எலிக்கு நல்லது, பாம்புக்கு ஒன்றும் ஆகாது. பல போவாக்கள் வயதாக ஆக மங்கும், அது இயல்பு. ஐஎம்ஜி என்று ஒரு மார்ஃப் இருக்கிறது, அது வயதாக ஆகக் கருத்துக்கொண்டே போகும். உங்களுக்கு எழுத வேண்டிய முக்கியமான விஷயம் வேறு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியில் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 26 முதல் 28 டிகிரி இருக்க வேண்டும். உங்கள் பக்கத்துக் கத்திரி வெயிலில் அறையே அதைத் தாண்டிவிடும். ஹீட்டரை அணைத்துவிட்டுப் பெட்டியைக் கூரை வீட்டுக்கோ தளம் போட்ட அறைக்கோ மாற்றுங்கள், பாம்பு முழுதாக இறங்குகிற அளவு தண்ணீர்த் தொட்டி வையுங்கள்.

மண்டபம் வாசகி: அத்தை வீட்டுப் பெண் போவா தனியாகத்தான் இருக்கிறது, இப்போது குட்டி போட்டிருக்கிறது. ஆண் இல்லாமல் எப்படி? எல்லாக் குட்டிகளும் தாயின் நிறமே.

முதலில் அத்தையிடம் கேளுங்கள்: வாங்குவதற்கு முன் ஆணோடு இருந்ததா? பெண் பாம்பு விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைக்கும், பெரும்பாலும் விஷயம் அதுதான். ஆனால் ஆண் இல்லாமலே குட்டி போடுவதும் போவாவில் நிரூபிக்கப்பட்டது. 2010-ல் அமெரிக்காவில் வாரன் பூத் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் ஒரு பெண் போவாவைப் பற்றி எழுதினார்கள். இரண்டு ஈற்றில் 22 குட்டிகள், அத்தனையும் பெண், அத்தனையும் தாயிடமிருந்த அரிய கேரமல் நிறம். அது ஒடுங்கு நிறம், கூட வைத்திருந்த ஆண்களிடம் அந்த மரபணு இல்லை, அதனால்தான் சந்தேகம் வந்தது. டிஎன்ஏ பார்த்தபோது தகப்பனின் பங்கு எதுவுமே இல்லை.

உங்கள் அத்தை வீட்டுத் தாய் சாதா நிறம் என்றால் குட்டிகள் தாயைப் போல இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை, சாதா ஆண் வந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். தாய் அல்பினோ மாதிரி ஏதாவது ஒடுங்கு மார்ஃப் என்றால் மட்டும், பாம்பு தெரிந்த கால்நடை மருத்துவரிடம் குட்டிகள் ஆணா பெண்ணா என்று பார்க்கச் சொல்லி எனக்கு எழுதுங்கள். பரிவேஷில் குட்டிகளைப் பதிவு செய்யவும் அத்தைக்கு ஞாபகப்படுத்துங்கள்.