மாலைக்கு நடுவுல மாட்டு மண்டை ஓடு ஏன்? (ஆரா பாசிஸ் போட்டோ)

இந்தக் கல் மாலைல இருக்க மாட்டு மண்டை ஓடு சாவைக் குறிக்குதா, இது கல்லறையான்னு கேட்டீங்க. அது சாவுக் குறி இல்லைங்க, பலிக் குறி. நீங்க போட்ட போட்டோ ரோம்ல இருக்க ஆரா பாசிஸ் உள்பக்கச் சுவர், கி.மு. 9ல ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல அர்ப்பணிச்ச பலிபீடம், அங்க அப்போ மிருகங்களைப் பலி கொடுக்குறதுதான் சடங்கே, அதனால மண்டை ஓட்டுக் கொம்புல மாலை தொங்குறது ரொம்பப் பொருத்தம்.

மண்டை ஓட்டைப் பாத்ததும் கல்லறைன்னு தோணுறதுக்குக் காரணம், ஆப்பியன் சாலைங்கிற பழைய ரோமானியச் சாலைல இருக்க செசிலியா மெட்டெல்லாங்கிற ரோமானியப் பெண்ணோட கல்லறைலயும் இதே மாதிரி மாலையும் மாட்டுத்தலையும் சுத்தி ஓடுது. நீங்க அந்தப் படத்தை முன்னாடி எங்கயாவது பாத்திருப்பீங்க.

ஒண்ணு செஞ்சு பாருங்க. போட்டோவ பெருசாக்கி மாலைக்கு மேல பாருங்க, வட்டமா ஒரு தட்டு தெரியும், அது கடவுளுக்கு ஒயின் ஊத்துற பாத்திரம். மண்டை ஓடு, தட்டு, ரிப்பன் மூணும் சேந்து வந்தா பலிச் சடங்குன்னு நம்பலாம். அப்படியே மாலையையும் பாருங்க, அத்தி, திராட்சை, மாதுளை, கோதுமைக் கதிர், பைன் காய்னு வேற வேற பருவத்துல விளையுறதெல்லாம் ஒரே சரத்துல கட்டிருக்கும், நடுவுல கனமா தொங்கி ஓரத்துல மெலிஞ்சு போகும், பளிங்குல இவ்ளோ நுணுக்கமா செதுக்கினது உண்மையிலயே அற்புதம்.

ஆனா இதே விதியை 18ம் நூற்றாண்டுக் கட்டடங்களுக்குப் போடாதீங்க, அங்க பெரும்பாலும் வெறும் அலங்காரம்தான். இலை பழம் எதுவும் இல்லாம மடிப்பு மட்டும் இருந்தா அது மாலையே இல்ல, துணி.