ஆங்கில மாங்கா: பதிப்பகத்தைப் பார்க்காதீர்கள், பதிப்பைப் பாருங்கள் (கேள்வி பதில்)

ஜப்பானிய காமிக்ஸான மாங்காவை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ், கொடான்ஷா, யென் பிரஸ், செவன் சீஸ், டார்க் ஹார்ஸ் ஆகியவற்றின் அச்சு, மொழிபெயர்ப்பு, பைண்டிங் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: அண்ணா, இப்போதுதான் வாங்க ஆரம்பிக்கிறேன். எந்தப் பதிப்பகம் பெஸ்ட்?

ப: அந்தத் தேர்வு பெரும்பாலும் நம் கையில் இல்லை தம்பி. ஒரு தொடரின் ஆங்கில உரிமை பொதுவாக ஒரே பதிப்பகத்திடம்தான் இருக்கும். 1986-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய விஸ் நிறுவனம் ஷுயெய்ஷா, ஷோகாகுகான் என்ற இரண்டு ஜப்பானியப் பதிப்பகங்களுக்கும் சொந்தம். அதனால் ஷுயெய்ஷாவின் ஷோனென் ஜம்ப் இதழில் வரும் கதைகள் அங்கேதான் போகும். கொடான்ஷா தன் கதைகளைத் தானே போடுகிறது. யென் பிரஸ்ஸில் 2016 முதல் கடோகாவா என்ற ஜப்பானிய நிறுவனத்துக்கு 51 சதவீதம், மீதி ஹாஷெட் பதிப்பகத்துக்கு. செவன் சீஸும் டார்க் ஹார்ஸும் பல ஜப்பானிய நிறுவனங்களிடம் உரிமை வாங்கிப் போடுபவர்கள்.

நாம் தேர்ந்தெடுக்கக்கூடியது பதிப்பை மட்டும்தான். ஒரே பதிப்பகம் ஒரே கதையை இரண்டு மூன்று விதமாக அச்சடிக்கும். விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் தொகுதி 5 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். அதன் சிக்னேச்சர் வரிசை கொஞ்சம் பெரியது, தாளும் மேல். த்ரீ-இன்-ஒன் என்பது மூன்று தொகுதிகளைச் சேர்த்து மலிவான தாளில் போடுவது. கெட்டி அட்டை வரிசை தனி. காசு கொடுக்கும் முன் அட்டையில் பதிப்பின் பெயரைப் படியுங்கள். இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கே: அகிரா ஆறு தொகுதி வாங்கலாம் என்று இருக்கிறேன். சாதா அட்டையா, பாக்ஸ் செட்டா?

ப: இரண்டும் கொடான்ஷாதான், ஆனால் படிக்கும் திசையே வேறு. 2009 முதல் 2011 வரை வந்த சாதா அட்டைத் தொகுதிகள் ஜப்பானிய மூலத்துக்கு எதிராக இடமிருந்து வலம். அதாவது ஒவ்வொரு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பப்பட்டது. 2017-இல் வந்த 35-ஆம் ஆண்டு பாக்ஸ் செட் கெட்டி அட்டை, வலமிருந்து இடம், வரைந்தவரான ஒதொமோ கையால் எழுதிய ஒலிச் சொற்கள் அழிக்கப்படாமல் இருக்கின்றன. கட்டுப்படியானால் பாக்ஸ் செட். பழைய தொகுதி இரண்டை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதே பதிப்பிலேயே முடியுங்கள். இரண்டையும் கலந்தால் பாதியில் திசை மாறும்.

கே: திருப்பி அச்சடித்தால் அப்படி என்ன கெட்டுப்போகும்? கதை அதேதானே?

ப: படம் கெட்டுப்போகும். வலக்கைக்காரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்கள் ஆவார்கள். சாமுராய் இடுப்பின் இடப்பக்கம் செருகிய வாள் வலப்பக்கம் போய்விடும். கிமோனோவில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. திருப்பிய மாங்காவில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் பிணக்கோலத்தில் திரிவார்கள்.

டார்க் ஹார்ஸ் பிளேடு ஆஃப் தி இம்மார்ட்டல் கதையைப் போட்டபோது பக்கத்தைத் திருப்பவில்லை. நாயகன் முதுகில் இருப்பது மாஞ்ஜி என்ற பௌத்தச் சின்னம். திருப்பினால் அது நாஜிச் சின்னத்தின் திசைக்கு வந்துவிடும். அதனால் கட்டங்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டினார்கள். வரைந்தவரின் பக்க அமைப்பு அங்கே போனது. 2002-இல் டோக்கியோபாப் என்ற பதிப்பகம் தன் புத்தகங்களைத் திருப்பாமல் 9.99 டாலருக்குப் போட்டது. திருப்பும் வேலை மிச்சமானதால் வேகமாகவும் வெளியிட முடிந்தது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

கே: பெயருக்குப் பின்னால் ஒட்டும் மரியாதை விகுதிகளான சான், குன், சாமா எல்லாம் விஸ் ஏன் வெட்டுகிறது? சோம்பேறித்தனமா?

ப: சோம்பேறித்தனம் இல்லை, கொள்கை. ஜப்பான் பழக்கம் தெரியாத பையனும் கடையில் எடுத்து நேரே படிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பழைய டெல் ரே வரிசை (இன்றைய கொடான்ஷாவின் முன்னோடி) புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் ஒதுக்கி சான், சாமா, குன், செல்லமாக அழைக்கும் ச்சான் (chan), மூத்தவரைக் குறிக்கும் சென்பாய் எல்லாவற்றையும் விளக்கியது. யென் பிரஸ்ஸும் செவன் சீஸும் பெரும்பாலும் அப்படியே வைக்கிறார்கள். தலைப்புகளிலேயே வித்தியாசம் தெரியும். விஸ் கோமி-சானை வெறும் கோமி ஆக்கியது. யென் பிரஸ் நொஸாகி-குன்னை அப்படியே விட்டது. வெர்ட்டிகல் என்ற பதிப்பகம் நாகதொரோ-சானை மிஸ் நாகதொரோ ஆக்கியது.

எனக்கு வைப்பதுதான் சரி. ஜப்பானியத்தில் ஒருவன் முதல்முறையாக 'சான்' இல்லாமல் ஒருத்தியின் பெயரைச் சொன்னால் அந்தக் கட்டமே கதையின் திருப்பம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'வாங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'வா' என்றால் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

கே (மேற்கண்ட பதிலுக்கு மறுப்பு): ஆங்கிலத்தில் படிக்கிறவனுக்கு ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும். தமிழ்க் கதையை ஆங்கிலமாக்கும்போது 'ங்க' விகுதியை ஒட்டியா வைக்கிறார்கள்? தவிர, ககுயா-சாமா விஸ் போட்டதுதான். சாமா இருக்கிறதே!

ப: ககுயா நல்ல எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். பதிப்பகத்தின் பெயரை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி. 'ங்க' விகுதியை ஆங்கிலத்தில் ஒட்ட முடியாதுதான். ஆனால் தமிழ்க் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அண்ணா, அக்கா, அத்தை இன்று அப்படியே வருகின்றன. அண்ணனைத் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக எழுதினால் நமக்கு உறுத்தும். ஜப்பானியத் தங்கையும் அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விகுதியை எடுத்துவிட்ட பதிப்புகளில் கூப்பிடுகிறாள்.

கே (அதே நபர்): அப்படியானால் புராணக் கதை, அந்நிய உலகக் கதைக்கும் சான் வேண்டுமா?

ப: வேண்டாம். ஐரோப்பியச் சாயலில் கோட்டையும் குதிரையுமாக நடக்கும் கதையில் 'லார்டு', 'லேடி', 'சர்' போதும். ஜப்பானியப் பள்ளிக்கூடம், அலுவலகம், வீடு என்றால் விகுதி இருக்க வேண்டும். கதை நடக்கும் இடம்தான் அளவுகோல்.

கே: நான் இடையில் வருகிறேன். எனக்கு சான் போனாலும் பரவாயில்லை, ஒலிச் சொல்லை அழிப்பதுதான் பொறுக்கவில்லை.

ப: நியாயமான வருத்தம். தடால், படார், சிலீர் போன்றவை மாங்காவில் எழுத்து அல்ல, வரைந்த கோடு. விஸ் பெரும்பாலும் அதை அழித்து ஆங்கிலத்தில் மறுபடி வரைகிறது. பின்னணியும் சேர்த்து வரைய வேண்டியிருப்பதால் நல்ல லெட்டரிங் கலைஞர் இல்லாவிட்டால் அசிங்கமாகத் தெரியும். கொடான்ஷா மூலத்தை விட்டு ஓரத்தில் சிறிய எழுத்தில் பொருள் தரும். யென் பிரஸ் உச்சரிப்பு, பொருள் இரண்டையும் தரும். படத்துக்கு அது நல்லது, ஆனால் சண்டைப் பக்கங்களில் பொடி எழுத்து கண்ணைக் குத்தும். சண்டைக் கதைக்கு விஸ் முறை வேகமாக ஓடும், அமைதியான கதைக்கு கொடான்ஷா முறை. இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்துவோம், கேள்விகள் குவிந்துவிட்டன.

கே: ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஒரிஜினலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: முதலில் ஸ்கிரீன்டோன். சாம்பல் நிறமாகத் தெரிவது உண்மையில் பொடிப் புள்ளிகள். போலியில் ஸ்கேன் செய்து அச்சடிப்பதால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து அலை அலையான கோடுகளாகத் தெரியும். முகத்தின் நிழலையும் மாலை நேர வானத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடுத்து இரட்டைப் பக்கப் படங்கள். போலியில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், பேச்சு பலூனின் கடைசி எழுத்து நடுமடிப்புக்குள் போயிருக்கும். மூன்றாவது, உரிமைப் பக்கம். விஸ் புத்தகத்தில் எத்தனையாவது அச்சு, எந்த மாதம் என்ற வரி இருக்கும். போலியில் அந்த வரி மங்கியிருக்கும். நான்காவது, முதுகு. இரண்டு தொகுதிகளை அடுத்தடுத்து வையுங்கள். எண்ணும் சின்னமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

ஐஎஸ்பிஎன் எண்ணையும் பாருங்கள். 978-1-4215, 978-1-9747 இரண்டும் விஸ். 978-1-63236, 978-1-64651 கொடான்ஷா. 978-1-9753 யென் பிரஸ். 978-1-5067 டார்க் ஹார்ஸ். இது முழுப் பட்டியல் அல்ல, ஆனால் ஒரு பதிப்பகத்தின் புத்தகத்தில் இன்னொரு பதிப்பகத்தின் எண் இருந்தால் சந்தேகப்படுங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் ஒரிஜினல் ஆகிவிடாது. அட்டையைத் திருடுகிறவன் எண்ணையும் சேர்த்துத்தான் திருடுவான்.

இந்தியாவில் விஸ் புத்தகங்களை சைமன் அண்ட் ஷூஸ்டரும், யென் பிரஸ்ஸை ஹாஷெட்டும், கொடான்ஷாவைப் பெங்குயின் ரேண்டம் ஹவுஸும் விநியோகிக்கிறார்கள். உங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் இந்தப் பெயரைச் சொல்லி வரவழைக்கச் சொல்லுங்கள்.

கே: பெர்செர்க் டீலக்ஸ் மலிவாக வருகிறதே, வாங்கலாமா?

ப: மேலே உள்ள பதில். கூடுதலாக ஒன்று: டார்க் ஹார்ஸின் டீலக்ஸ் 7 அங்குலத்துக்கு 10 அங்குலம், கெட்டி அட்டை, ஒவ்வொன்றிலும் மூன்று தொகுதி, அட்டை விலை 49.99 டாலர். ஒரு சாதாத் தொகுதியின் விலைக்கு அது வர வழியில்லை.

கே: தொடரைப் பாதியில் கைவிடும் பதிப்பகம் எது?

ப: எல்லோரும் கைவிட்டிருக்கிறார்கள், காரணம்தான் வேறு வேறு. விஸ் ஜின்டாமாவை 2011-இல் 23-ஆம் தொகுதியோடு அச்சில் நிறுத்தியது, விற்பனை இல்லாததால். ஜப்பானில் அது 77 தொகுதி. டோக்கியோபாப் கதை இன்னும் பெரியது. 2009-இல் கொடான்ஷா தன் உரிமைகளைப் புதுப்பிக்கவில்லை. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பார்டர்ஸ் புத்தகக் கடைச் சங்கிலி திவால் ஆனது. அதே ஆண்டு மே 31-இல் டோக்கியோபாப் தன் அமெரிக்கப் பதிப்பு வேலையை மூடியது. வாசகர்கள் கையில் அரைகுறைத் தொடர்கள் நின்றன.

கைவிட்டதை இன்னொருவர் எடுப்பதும் உண்டு. யொட்சுபா என்ற தொடர் ஏடிவி என்ற நிறுவனத்தில் 5 தொகுதியோடு நின்றது. 2009 முதல் யென் பிரஸ் முதலிலிருந்து போட்டது. ஆகவே நீண்ட தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாக வாங்குங்கள். முடிந்த தொடர் என்றால் கடைசித் தொகுதி ஆங்கிலத்தில் அச்சில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு முதல் தொகுதியை வாங்குங்கள்.

கே: சார், எந்தப் பதிப்பகம் பெஸ்ட்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ஒன் பீஸில் ஸோரோ ஏன் 'ஸோலோ' என்று இருக்கிறது? அச்சுப் பிழையா? த்ரீ-இன்-ஒன்னில் திருத்தினார்களா?

ப: பிழை அல்ல. 4கிட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அனிமேயின் ஆங்கில டப்பிங்கில் வைத்த பெயர், விஸ் தொகுதிகளிலும் ஒட்டிக்கொண்டது. த்ரீ-இன்-ஒன்னிலும் ஸோலோதான். இதே மாதிரி டிடெக்டிவ் கோனான் விஸ்ஸில் 'கேஸ் குளோஸ்டு' என்ற தலைப்பில்தான் கிடைக்கும். ஷினிச்சி அங்கே ஜிம்மி, ரான் அங்கே ரேச்சல். தேடும்போது இந்தப் பெயர்களில் தேடுங்கள்.

கே: தணிக்கை யார் அதிகம் செய்கிறார்கள்?

ப: பழைய குற்றவாளி டிசி காமிக்ஸின் மாங்கா வரிசையான சிஎம்எக்ஸ். டென்ஜோ டெங்கேயில் படங்களை மாற்றி வாசகர்களை இழந்தது. பிறகு விஸ் 2011-இல் அதையே வெட்டாமல் போட்டது. விஸ்ஸும் புனிதம் இல்லை. ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் 8-ஆம் தொகுதியில் கிரீட் என்ற பாத்திரம் சிலுவை வடிவக் கல்லில் கட்டப்பட்டிருக்கும். விஸ் அதை வெறும் பாறையாக மாற்றி வரைந்தது. செவன் சீஸ் 2021-இல் இரண்டு லைட் நாவல்களில் (இடையிடையே படங்களோடு வரும் ஜப்பானிய நாவல்கள்) பத்திகளை நீக்கியது தெரியவந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திருத்த ஒப்புக்கொண்டது. வாசகர்கள் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக் கேட்டதால்தான் அது நடந்தது.

கே: இலவசமாக எங்கே படிக்கலாம்?

ப: ஷுயெய்ஷாவின் மாங்கா பிளஸ். 2019 ஜனவரி முதல் இருக்கிறது. முதல் மூன்று அத்தியாயமும் கடைசி மூன்றும் இலவசம். விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் சந்தா 2018 டிசம்பரில் தொடங்கியபோதே இந்தியாவுக்கும் வந்தது. மாதம் சில டாலருக்கு நாளொன்றுக்கு 100 அத்தியாயம். திருட்டு ஸ்கேன் தளங்களின் பெயரை இங்கே கேட்க வேண்டாம்.

கே: தமிழில் ஏன் நிறைய வருவதில்லை?

ப: பதிப்புத் தொழில் கணக்கு என் துறை அல்ல, சிவகாசிக்காரர்களைக் கேளுங்கள். லெட்டரிங் பக்கம் மட்டும் சொல்கிறேன். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே போவதால் பலூன்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். ஆங்கிலத்திலேயே சொற்களை உடைக்க வேண்டியிருக்கிறது. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்ற ஒரே சொல்லை அந்தப் பலூனில் உட்கார வைப்பது பெரும்பாடு. பேச்சுத் தமிழில் 'போறேன்' என்று எழுதினால் இடம் கிடைக்கும்.

கே: ஜப்பானியம் கற்க எந்த மாங்கா நல்லது?

ப: இந்தப் பகுதிக்குரிய கேள்வி இல்லை.

கே: த்ரீ-இன்-ஒன் முதுகு உடைந்துவிடுகிறது. போலியா?

ப: போலி என்று சொல்ல முடியாது. 550 பக்கத்துக்கு மேல் பசையில் நிற்கும் புத்தகம் அது. புதிதாக வந்ததும் நடுவில் பிளந்து விரிக்காதீர்கள், அங்கேதான் பசை விடும். முதுகை மேசையில் ஊன்றிப் பக்கங்களைச் சேர்த்து நிமிர்த்திப் பிடியுங்கள். முன்னட்டையைச் சாய்த்து ஒட்டிய ஓரத்தை விரலால் மெதுவாக நீவுங்கள், பிறகு பின்னட்டையை. அடுத்து முன்னாலிருந்து ஒரு 20 பக்கம், பின்னாலிருந்து ஒரு 20 பக்கம் என்று மாறி மாறி நடுவுக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. படிக்கும்போதும் முழுதாக 180 பாகைக்கு விரிக்க வேண்டாம்.

கே: ஒரிஜினலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: மேலே விரிவாக இருக்கிறது. ஸ்கிரீன்டோன், ஓரம், உரிமைப் பக்கம், முதுகு.

கே: வாகபாண்ட் விஸ்பிக் 13 எப்போது வரும்? 12 வரை வைத்திருக்கிறேன்.

ப: அதற்காகக் காத்திருக்காதீர்கள். விஸ்பிக் என்பது மூன்று தொகுதிகளைச் சேர்த்துப் போடும் விஸ் வரிசை, அதன் 12-இல் 34, 35, 36 தொகுதிகள் முடிந்துவிட்டன. மிச்சம் 37 மட்டும்தான், கதையோ 2015 முதல் நின்றுபோயிருக்கிறது. மூன்று தொகுதி சேராததால் 13 கட்ட வழியில்லை. 37-ஐ விஸ் சிக்னேச்சரில் தனித் தொகுதியாக வாங்கி 12-க்குப் பக்கத்தில் வையுங்கள். 2025 முதல் கெட்டி அட்டையில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று ஒன்று வருகிறது. அது வேறு வரிசை, வேறு எண். அட்டையில் பதிப்பின் பெயரைப் படிக்காமல் அதை இதோடு சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.