தொழில் செய்பவர் எம்.எல்.ஏ. ஆகலாமா? டெல்டா நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

மன்னார்குடி நண்பர்: அண்ணே, என் சித்தப்பா நீர்வளத்துறையில் டெண்டர் எடுத்து வாய்க்கால் தூர்வாருகிறார். சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

வேலை பாக்கி இருக்கும்வரை முடியாது தம்பி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 9ஏ பிரிவு குறுக்கே வரும். மாநில அரசுக்குச் சரக்கு கொடுக்கவோ, அரசு வேலையைச் செய்து தரவோ தொழில்முறையில் போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் தகுதி போய்விடும். வேலையை முழுக்க முடித்துவிட்டு பில் பணம் மட்டும் வரவேண்டியிருந்தால் பாதகமில்லை. அதே பிரிவில் இதற்கும் விளக்கம் இருக்கிறது.

நம் பக்கத்துச் சிக்கல் என்னவென்றால், ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் தூர்வார வேண்டும். தமிழ்நாட்டில் வேட்புமனு, வாக்குப்பதிவு எல்லாம் பெரும்பாலும் அதற்குச் சற்று முந்தைய மாதங்களில்தான். நிற்கும் எண்ணம் இருந்தால் அந்த வருடம் டெண்டர் பக்கமே போக வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

அவரே மறுபடியும்: ஒப்பந்தம் கூட்டு நிறுவனத்தின் பெயரில்தான். அவர் வெறும் பங்குதாரர் (பார்ட்னர்).

அது தப்பிக்கும் வழியல்ல. அரசுக்குப் பீடி சப்ளை செய்த நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் தேர்தலில் வென்றபோது, அவருக்குத் தகுதியில்லை என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்றைய சட்டப்பிரிவு வேறுதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் எந்தப் பங்குதாரரும் மனு போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

திருவாரூர் நண்பர்: அரிசி ஆலை வைத்திருப்பவர்?

தாராளமாக நிற்கலாம். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துக் கொடுப்பவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கழகம் தனி நிறுவனம், அரசோடு நேராகப் போட்ட ஒப்பந்தம் இல்லை என்று வாதாடலாம். ஆனால் மனு பரிசீலனை அன்று எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

தஞ்சாவூர் அக்கா: பணமிருந்தால் ஜெயித்துவிடலாம் என்கிறார்களே?

உங்கள் தொகுதியையே பாருங்கள் அக்கா. தொழிலதிபரான பரிசுத்த நாடார் 1957-ல் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1962-ல் கருணாநிதியிடம் தோற்றார். அப்புறம் 1967-ல், காங்கிரஸ் ஆட்சியையே இழந்த தேர்தலில், இவர் மறுபடி வென்றார். மூன்று முறையும் கையில் வசதி இருந்தது. முடிவு மட்டும் மாறியது. 2016-ல் பணப் பட்டுவாடா புகாரால் அதே தொகுதியில் மே மாதத் தேர்தலை ஆணையம் ரத்து செய்து நவம்பரில் நடத்தியது. ஊருக்கே அவமானம் அது, இன்னும் மனசு ஆறவில்லை.

நாகப்பட்டினம் நண்பர்: ஜெயித்தபின் கடையை மூட வேண்டுமா?

வேண்டாம். அரசு ஒப்பந்தம் மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் பதவி பற்றி ஆளுநர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு முடிவு செய்வார்.

மயிலாடுதுறை நண்பர்: இதையெல்லாம் வாக்காளர் எப்படிக் கண்டுபிடிப்பது?

வேட்பாளர் தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். எல்லோரும் சொத்து மதிப்பைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து கீழே வாருங்கள். வருமானம் எங்கிருந்து வருகிறது, அரசுக்கு என்ன பாக்கி, வேட்பாளருக்கோ துணைவருக்கோ அவர்கள் பங்குதாரராக உள்ள நிறுவனத்துக்கோ அரசு ஒப்பந்தம் உண்டா என்பதெல்லாம் அங்கே இருக்கும். பொது நிறுவனங்களோடு (பப்ளிக் கம்பெனி) போட்ட ஒப்பந்தங்களையும் அதே இடத்தில் எழுத வேண்டும்.