ஃபோல்டு செய்தவர் சீட்டைச் சொல்லிவிட்டால்

போக்கர் ஆட்டத்தில், ஃப்ளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டில்) 7-7-2 விழுந்ததும், ஃபோல்டு செய்திருந்த (சீட்டைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகியிருந்த) நண்பர் "ஐயோ, ஏழைத் தூக்கிப் போட்டுட்டேனே!" என்று கத்தியதால் உங்கள் பிளஃப் (நல்ல சீட்டு இருப்பதுபோல் காட்டிப் பந்தயம் கட்டியது) பிடிபட்டது என்கிறீர்கள். கோபம் நியாயம்தான். மிச்சமிருந்த இரண்டு ஏழில் ஒன்று ஆட்டத்தில் இல்லை என்று அவர் அறிவித்துவிட்டார். உங்களிடம் ஏழு இருக்கும் என்று எதிராளி பயப்படும் காரணம் பாதியாகிவிட்டது. வாயே திறக்காமல் தலையில் அடித்துக்கொண்டாலும் இதே சேதம்தான்.

ஆனால் அந்தக் கையை, அதாவது அந்தச் சுற்று ஆட்டத்தை, செல்லாது என்று கேட்காதீர்கள். முடிவு முடிவுதான், அவருக்கு எச்சரிக்கை போதும்.

அடுத்த முறை சீட்டு போடும் முன்பே சொல்லிவிடுங்கள்: பாட் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை) வென்றவரிடம் போகும்வரை, ஃபோல்டு செய்தவர் தன் சீட்டைப் பற்றியோ "ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) வருதுப்பா" என்றோ பேசக்கூடாது. பக்கத்திலிருப்பவருக்குச் சீட்டைக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும், அதுவும் கை முடிந்த பிறகு. ஆல்-இன் ஆகி (இருப்பதையெல்லாம் பந்தயத்தில் வைத்து), சீட்டுகள் திறந்து, இனி பந்தயமே இல்லை என்றால் தாராளமாகப் பேசலாம்.

"சும்மா விளையாட்டுக்குத்தானே" என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஃப்ளாப்புக்குப் பின் நான்கு ஹார்ட் சேர்ந்தவருக்கு, ஃப்ளஷ் ஆக அடுத்த சீட்டாகத் தெரியாத 47 சீட்டில் 9 உதவும். ஏறக்குறைய 19 விழுக்காடு. ஒருவர் "ரெண்டு ஹார்ட் போட்டேன்" என்றதும் அது 45-ல் 7, அதாவது ஏறக்குறைய 15.6 விழுக்காடு. கால் செய்வதா (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகப் போடுவதா) வேண்டாமா என்ற முடிவே இதில் மாறலாம்.

கிரிக்கெட், சாப்பாடு, ஊர்க்கதை பற்றியெல்லாம் பேசத் தடை போடாதீர்கள். அரட்டைக்காகத்தானே கூடுகிறீர்கள்.