யமனின் பட்டறை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னீர்களே என்று ரோஜர் ஜெலாஸ்னியின் ‘லார்ட் ஆஃப் லைட்’ வாங்கினேன். விஞ்ஞான நாவல் என்று நினைத்துத் திறந்தால் யமன், காளி, பிரம்மா, அக்னி என்று வரிசையாக வருகிறார்கள். யமன் மெஷின் செய்கிறான். விஞ்ஞானக் கதையில் விஞ்ஞானம் மட்டும்தானே இருக்க வேண்டும்? முதல் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன். இப்படிக் கலந்துகட்டி எழுதியதை எப்படித்தான் படிப்பது?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள தம்பி,

தக்கலையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். கைலாசத்தில் விளக்குச் சுடரில் பிறந்தவன், கொஞ்ச நேரத்தில் மலையாள நாட்டில் காளிப்புலையனோடு மல்லுக்கு நிற்கிறான். இது புராணமா ஊர்க்கதையா என்று பந்தலில் யாரும் எழுந்து கேட்டதில்லை.

அது கிடக்கட்டும். இத்தகைய நாவலில் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். கதைக்குள் வரும் அதிசயம் யாருக்குக் கருவி, யாருக்குத் தெய்வசக்தி?

1967இல் வந்த இந்த நாவலில், வேற்றுக்கிரகத்தில் இறங்கிய கப்பல்காரர்கள் நம் தெய்வங்களின் பெயரையும் கோலத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். மனதை உடல்விட்டு உடல் மாற்றும் நுட்பம் அவர்கள் கையில். மேலே இருப்பவனுக்கு அது ஆய்வுக்கூட வேலை, கீழே இருப்பவனுக்கு மறுபிறவி. கீழே உள்ளவன் பிரார்த்தனை இயந்திரத்தில் காசு போடுகிறான், நம்மூர் பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் போடுவதுபோல. அது அவன் கணக்கில் ஏறும். புது உடல் கேட்டு வரும்போது கர்ம அதிகாரிகள் அவன் மனதைத் துருவிப் பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். ஆவணக் காப்பாளனாக இருந்த டாக் இப்போது குரங்குடலில் கிடக்கிறான். எவனாவது அச்சு இயந்திரத்தைக் கண்டுபிடித்தால் தேவர்கள் வந்து ஒழித்துவிடுகிறார்கள். புராணத்தை உருவிவிட்டால் இந்த ஆட்சியே நிற்காது. விஞ்ஞானத்தை உருவிவிட்டால் இது ஆட்சி என்பதே நமக்குத் தெரியாது.

ஜீன் உல்ஃபின் ‘த ஷேடோ ஆஃப் த டார்ச்சரர்’ (1980) இன்னும் நுட்பம். வெகுதொலைவு எதிர்காலம். சித்திரவதை செய்வோரின் சங்கத்தில் தொழில் பழகும் பையன் பழைய ஓவியம் ஒன்றைப் பார்க்கிறான். வறண்ட நிலம், கவசம் போட்ட ஒருவன், கையில் ஆயுதம் இல்லை, விறைத்து நிற்கும் கொடி கட்டிய கோல்தான், முகத்தை மூடிய பொன்னிறத் தகடு. அவனுக்கு அது ஏதோ போர்வீரன். நமக்குத் தெரியும், அது நிலவில் இறங்கியவன். பையன் வளரும் கோபுரமே பழைய விண்கலம்தான். அதையும் நாமாகத்தான் ஊகிக்க வேண்டும்.

டிராகனையும் ராக்கெட்டையும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும் நாவல்களும் ஏராளம். கதை முட்டினால் மந்திரம், மந்திரம் முட்டினால் மெஷின். அவற்றை நீங்கள் பாதியில் மூடினால் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

உங்களை இடறிவிட்டது கலவை அல்ல, அத்தியாய வரிசை என்று நினைக்கிறேன். மொத்தம் ஏழு. முதலாவது, கதையில் வெகுவாகப் பிந்தி நடப்பது. இரண்டு முதல் ஆறு வரை பழைய கதை. ஏழில்தான் முதலாவதன் தொடர்ச்சி. எனவே இரண்டில் தொடங்குங்கள். கதாநாயகன் சாம் புது உடல் கேட்டு நகரத்துக்குள் வருவான். காசு போடும் அந்த இயந்திரமும் அங்கேதான். ஆறு முடிந்ததும் முதலாவதைப் படித்துவிட்டு ஏழுக்குப் போங்கள். ஜெலாஸ்னி இருந்தால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. தேவர்கள் வாய் திறந்தால் ஆங்கிலம் கொஞ்சம் முறுக்கும், அகராதி பக்கத்தில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், சண்டை போடலாம்.