குறைந்த செலவில் டெஸ்க்டாப்: எந்த பிராசஸர், எந்த மதர்போர்டு?

தனி கிராபிக்ஸ் கார்டு வாங்குவீர்களா, மாட்டீர்களா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். இன்டெல் ஐ3-12100எஃப் போல பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600-உம் அப்படித்தான், உள்ளே கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி-யில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. படிப்பு, அலுவலக வேலை, வீடியோ பார்ப்பது எல்லாவற்றுக்கும் அது தாராளம்.

அடுத்தது சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசஸர் பொருந்தும் இடம். ஏஎம்டியின் பழைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டும், பழைய வகை ரேமான டிடிஆர்4-உம் செலவைக் குறைக்கும், ஆனால் பின்னாளில் புதுத் தலைமுறை பிராசஸருக்கு மாற வழியில்லை. அதற்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 போர்டில் புதிய வகை டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். பட்ஜெட் கொஞ்சம் இடம் கொடுத்தால் நான் ஏஎம்5-ஐத்தான் சொல்வேன். சில வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகள் 12, 13, 14-ஆம் தலைமுறைகளை ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் தனித்தனி போர்டுகள் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

ஓவர்கிளாக் (பிராசஸரை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) செய்யாதவருக்கு விலையுயர்ந்த சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) வீண். ஆனால் எம்.2 ஸ்லாட் (வேகமான எஸ்எஸ்டி பொருத்தும் இடம்) இல்லாத போர்டை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். ஏஎம்4-இல் பழைய பி450 சிப்செட் போர்டு என்றால், ரைசன் 5000 வரிசைக்கு பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.