வாசகர் கேள்வி – பதில்: 'படிச்சேன்' என்று எழுதலாமா?

கேள்வி: உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் 'படிச்சேன்', 'வந்துட்டேன்' என்றுதான் எழுதுவேன். சித்தப்பா ஒவ்வொரு முறையும் திருத்தி, "தமிழைக் கொல்லாதே" என்கிறார். பேசுவது போல எழுதினால் இலக்கணப் பிழையா?

பதில்: இல்லவே இல்லை. காலமெல்லாம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் சொல்கிறேன், பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் உண்டு.

படித்து என்பது 'படிச்சு' ஆகிறது, நினைத்து 'நினைச்சு' ஆகிறது. ஆனால் எடுத்து என்பதை யாராவது 'எடுச்சு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கொடுத்து, படுத்து எல்லாம் அப்படியே நிற்கின்றன. முன்னால் இகரமோ ஐகாரமோ யகர மெய்யோ இருந்தால்தான் 'த்த' என்பது 'ச்ச' ஆகும். அதேபோல் 'ந்த' என்பது 'ஞ்ச' ஆகும்: தெரிந்து 'தெரிஞ்சு', உடைந்து 'உடைஞ்சு'. ஆனால் நடந்து நடந்துதான். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்கள்கூட இந்த விதியைத் தவறவிடுவதில்லை. ஐ, ய் இவற்றின் பின் சில இடங்களில் நகரத்துக்குப் பதில் ஞகரம் வரும் என்பாரும் உண்டு என்று நன்னூலே சொல்கிறது. அவ்வளவு பழைய பழக்கம் இது.

வட்டார வழக்கும் அப்படித்தான். "நான் நேற்று வந்தனான்" என்று யாழ்ப்பாணத்துப் பெண் எழுதினால் தமிழ்நாட்டில் சிலர் ஆண்பால் விகுதி என்று திருத்த வருகிறார்கள். அது தன்மை வினை. அங்கே ஆணும் பெண்ணும் அப்படியே சொல்வார்கள். தெரியாத வழக்கைப் பிழை என்று சொல்வது எனக்குக் கோபத்தையே தருகிறது. வீட்டுப் பேச்சைக் குறை சொன்னால் அந்தப் பெண் அடுத்த முறை தமிழிலேயே எழுதமாட்டார்.

சரி, பல ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் முக்கியமான தகவல் சொல்ல வேண்டுமா? அங்கே எழுத்துத் தமிழ்தான் நல்லது. நெல்லைக்காரருக்கும் மட்டக்களப்புக்காரருக்கும் அது பொது.

கேள்வி: அப்படியானால் ல, ள, ழ மாற்றி எழுதுவதையும் விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பேச்சில் பல ஊர்களில் ழகரம் ளகரமாக ஒலிக்கிறது, அதில் குறையில்லை. எழுத்தில் இவற்றை மாற்றிப் போட்டால் 'வாழ்', 'வாள்', 'வால்' மூன்றும் கலந்துவிடும். 'வந்துட்டேன்' என்று தாராளமாக எழுதுங்கள். 'பள்ளி'யைப் 'பல்லி' ஆக்காதீர்கள். அதைச் சித்தப்பா திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். அவரும் குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்லாமல் தனியாகச் சொல்லட்டும்.